வெட்டுவதா, விடுவதா?

தோண்டினால் மணம் கிடைக்கும். விட்டுவைத்தால் மண் தங்கும். வெட்டிவேர் வளர்க்க நினைப்பவர் நாற்றை நடுவதற்கு முன்பே எடுக்க வேண்டிய முடிவு இது.

சென்னையிலிருந்து ஊத்துக்கோட்டை, நாகலாபுரம் வழியாகத் திருப்பதிக்குச் செல்லும் சாலையில் இருக்கிறது பிச்சாட்டூர். 2022 ஏப்ரல் வரை சித்தூர் மாவட்டம். இப்போது திருப்பதி மாவட்டம். மாவட்டத்தின் பெயர் மாறினாலும் எல்லையோர ஊர்களுக்கே உரிய இயல்பு மாறவில்லை. தமிழும் தெலுங்கும் சேர்ந்தே புழங்கும் இந்தப் பகுதியில் சில சொற்களுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படுவதில்லை. தமிழில் வெட்டிவேர், தெலுங்கில் வட்டிவேரு. கேட்பவர் எந்த மொழிக்காரரானாலும் நாட்டு மருந்துக் கடைக்காரர் எடுத்துத் தருவது அதே பழுப்பு நிற வேர்க் கற்றையைத்தான்.

அந்தச் சொல் எல்லை தாண்டியது ஆந்திராவுக்கு மட்டுமல்ல. தமிழிலிருந்து பிரெஞ்சுக்குப் போய், அங்கிருந்து ஆங்கிலத்துக்கும் பிற ஐரோப்பிய மொழிகளுக்கும் பரவி, பாரிஸ் வாசனைத் திரவியப் புட்டிகளின் மேல் 'வெட்டிவெர்' என்று அச்சாகியிருக்கிறது. உலக வணிகத்தில் நிலைத்துவிட்ட தமிழ்ச் சொற்கள் அதிகமில்லை. அவற்றில் இதுவும் ஒன்று. கேரளத்தில் ராமச்சம், கன்னடத்தில் லாவஞ்ச, இந்தியில் கஸ். (வட இந்தியக் கடைகளில் 'கஸ்' என்று கேட்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: சமையலுக்குப் பயன்படும் கசகசாவுக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை.)

வெட்டி எடுக்கப்படும் வேர் என்பதால் வெட்டிவேர். செடியின் பெயரிலேயே அதை என்ன செய்ய வேண்டும் என்ற உத்தரவும் இருக்கிறது. ஆனால் கடந்த நாற்பது ஆண்டுகளில் வேளாண் அறிவியல் இந்தச் செடியைப் பற்றிக் கண்டறிந்ததில் முக்கியமானது, அதை வெட்டாமல் விட்டால் கிடைக்கும் பயன். இந்த இரண்டுக்கும் இடையில் சிக்கியிருக்கிறது வெட்டிவேர்.

தாவரவியல்படி இது ஒரு புல். எலுமிச்சைப் புல்லுக்கும் சோளத்துக்கும் உறவு. ஆனால் எலுமிச்சைப் புல்லின் மணம் இலையில். வெட்டிவேரின் இலையைக் கசக்கினால் ஒரு வாசமும் வராது. எல்லாம் மண்ணுக்குள்தான். லின்னேயஸ் 1771இல் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். பின்னர் தாவரவியலாளர்கள் தமிழ்ப் பெயரையே லத்தீனாக்கி 'வெட்டிவேரியா' என்ற பேரினத்தை உருவாக்கினார்கள். 1999இல் அந்தப் பேரினம் 'கிரைசோபோகன்' என்பதுடன் இணைக்கப்பட்டதால், இன்றைய பெயர் கிரைசோபோகன் ஜிஜானியாய்டிஸ். அறிவியல் பெயரிலிருந்து தமிழ் விடைபெற்றுக்கொண்டது, சந்தையிலிருந்து விடைபெறவில்லை.

ஆளுயரத்துக்கும் மேலே வளரக்கூடிய தூர். பல ஆண்டுகள் உயிர் வாழும் இயல்பு. ஆனால் மேலே தெரிவது பாதிக் கதைதான். பெரும்பாலான புற்களின் வேர் பக்கவாட்டில் பரவும். வெட்டிவேரின் வேர்களோ நூல் நூலாக, நேர் கீழாக இறங்கும். மண் இளகலாகவும் ஈரமாகவும் இருந்தால் முதல் ஆண்டிலேயே 3 மீட்டர் வரை போய்விடும். பக்கத்தில் இருக்கும் கத்தரிக்கும் வெண்டைக்கும் உரிய உணவை அது பிடுங்கிக்கொள்ளாமல் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

மனிதன் இந்த வேரை நாடியது மணத்துக்காக. அக்பரின் காலத்தில் கோடையைச் சமாளிக்க வெட்டிவேர்த் தட்டிகளை நனைத்துக் கட்டிய வழக்கத்தை அபுல் ஃபசல் 'அயினி அக்பரி'யில் பதிவு செய்திருக்கிறார். அனல் காற்று ஈரத் தட்டிக்குள் நுழைந்து குளிர்ந்து மணத்தோடு வெளிவரும். பின்னாளில் வந்த ஆங்கிலேய அதிகாரிகளும் இதே தட்டியைத்தான் நம்பினார்கள். ஏர் கூலர் என்ற இயந்திரம் செய்வது அதே வேலையைத்தான். மின்விசிறி மட்டும் கூடுதல். தமிழ் வீடுகளில் இந்த வேர் மண்பானைத் தண்ணீரிலும், துணிப் பெட்டியிலும், விசிறியிலும், சுவாமிக்குச் சாத்தும் மாலையிலும் இடம் பிடித்தது.

இன்று தமிழ்நாட்டில் இதை வயலில் பயிரிடும் இடங்களில் முக்கியமானது கடலூர் மாவட்டத்தின் கடலோரம். நொச்சிக்காடு, தியாகவல்லி போன்ற மணற்பாங்கான கிராமங்களில் வெட்டிவேர் பணப்பயிர். கேரளத்தில் பொன்னானி, சாவக்காடு கடலோரப் பகுதிகளிலும் அப்படியே. மணல் நிலத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் எளிது. களிமண்ணில் இறங்கிய வேரைத் தோண்டி எடுப்பதற்குள் கூலி லாபத்தைத் தின்றுவிடும். மணலிலோ வேர் அறுபடாமல், மண் ஒட்டாமல் வரும். நட்ட 12 முதல் 18 மாதங்களில் அறுவடை.

வேரிலிருந்து கிடைக்கும் எண்ணெய் சொற்பம். நூறு கிலோ உலர்ந்த வேரைக் காய்ச்சி வடித்தால் ஒன்று அல்லது ஒன்றரைக் கிலோ. பல நேரங்களில் அதற்கும் குறைவு. கெட்டியான எண்ணெய் என்பதால் பல மணி நேரம் நீராவியில் வேக வேண்டும். ஆனால் அந்தக் கெட்டித்தன்மைதான் அதன் மதிப்பு. மற்ற மணங்கள் பறந்து போகாமல் பிடித்து வைக்கும் ஆற்றல் அதற்கு உண்டு என்பதால் வாசனைத் திரவியத் தொழில் இதை விடுவதில்லை. உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜில் இதைச் செம்புப் பாத்திரங்களில் வடித்து 'ரூஹ் கஸ்' என்று விற்கிறார்கள். லக்னோவில் உள்ள மத்திய மருத்துவ, நறுமணத் தாவர நிறுவனம் தாரிணி, குலாபி, கேசரி என்று தனித்தனி ரகங்களை வெளியிட்டிருக்கிறது. 2017இல் தொடங்கிய மத்திய அரசின் நறுமணப் பயிர்த் திட்டத்திலும் வெட்டிவேருக்கு இடம் உண்டு.

மணத்துக்கு ஒரு விலை இருக்கிறது. அதைக் கொடுப்பது மண். உலகச் சந்தைக்கு வெட்டிவேர் எண்ணெய் அனுப்பும் நாடுகளில் முதலிடம் ஹைட்டிக்கு. அங்கே இந்தப் புல் வளர்வது பெரும்பாலும் மலைச்சரிவுகளில். வேரை எடுக்கச் சரிவைக் கிளறுகிறார்கள். அடுத்த மழையில் கிளறிய மண் கடலுக்குப் போகிறது. இந்தோனேஷியாவில் ஜாவா தீவின் காருட் மலைப் பகுதியும் இதே அனுபவத்தைச் சந்தித்தது. மண்ணைக் காப்பதில் பெயர் பெற்ற ஒரு செடி, அதைத் தோண்டும் விதத்தால் மண் அரிப்புக்குக் காரணமாகிறது.

தோண்டாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு விடை கர்நாடகத்தில் இருந்தது. மைசூருக்குத் தெற்கே குண்டுலுப்பேட்டை விவசாயிகள் தலைமுறை தலைமுறையாக வயல் வரப்புகளில் இந்தப் புல்லை வரிசையாக நட்டு வைத்திருந்தார்கள். அவர்களுக்கு அது எல்லைக் கோடு. 1980களில் உலக வங்கிக்காக இந்தியாவில் பணியாற்றிய ஜான் கிரீன்ஃபீல்டும் ரிச்சர்ட் கிரிம்ஷாவும் இதில் வேறொன்றைப் பார்த்தார்கள். கிரீன்ஃபீல்டுக்கு இது புதிதல்ல. 1950களில் ஃபிஜியின் கரும்புத் தோட்டங்களில் மண் அரிப்பைத் தடுக்க இதே புல்லைப் பயன்படுத்தியவர் அவர்.

வேலை நடக்கும் விதத்தில் மந்திரம் ஏதுமில்லை. சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில், நெருக்கமாக நட்ட புல் வரிசை ஓடிவரும் நீரைத் தடுத்து நிறுத்துவதில்லை; வேகத்தைத்தான் குறைக்கிறது. வேகம் குறைந்த நீர் சுமந்து வந்த மண்ணை அங்கேயே இறக்கிவிட்டு, புல்லின் இடுக்குகள் வழியாகக் கசிந்து போகிறது. சில ஆண்டுகளில் வரிசையின் மேல்புறம் தானாகவே படிக்கட்டு போன்ற மேடை உருவாகிறது. மண் ஏற ஏற, புல்லும் கணுவிலிருந்து புதிய வேர் விட்டு மேலே ஏறிக்கொள்கிறது. 1993இல் அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் இதைப் பற்றி ஒரு முழு நூலே வெளியிட்டது. தாய்லாந்து மன்னர் பூமிபோல் 1990களின் தொடக்கத்திலிருந்து தன் நாட்டில் இதைப் பரப்பினார். 1996இல் வெட்டிவேருக்கான முதல் சர்வதேச மாநாடு அந்நாட்டின் சியாங் ராய் நகரில் நடந்தது. அதே ஆண்டு வெளியான ஓர் ஆய்வு, இந்த வேரின் இழுவிசைத் தாங்குதிறன் சராசரியாக மென்எஃகின் ஆறில் ஒரு பங்கு என்று அளந்து சொன்னது. நெடுஞ்சாலைகளின் சரிவுகளிலும் ஆற்றுக் கரைகளிலும் பொறியாளர்கள் இந்தப் புல்லைத் தேடத் தொடங்கியது அதன்பிறகு.

இன்னொரு செய்தி தமிழர்களுக்குச் சுவையானது. 1990களின் இறுதியில் தெற்காசியாவுக்கு வெளியே 29 நாடுகளிலிருந்து 60 செடிகளைச் சேகரித்து மரபணுச் சோதனை செய்தார்கள். அவற்றில் 53 செடிகள் ஒரே செடியின் வாரிசுகள் என்று தெரிந்தது. வட இந்தியாவில் காடாக வளரும் வகை பூத்து விதை விட்டுப் பரவும். உலகைச் சுற்றியதோ தென்னிந்தியாவில் பயிராகும் மலட்டு வகை. அது முளைக்கும் விதை தருவதில்லை. மனிதன் தூரைப் பிரித்து நட்டால்தான் அடுத்த செடி. எனவே தோட்டத்தில் நட்டால் களையாகப் பரவிவிடுமோ என்ற பயம் தேவையில்லை. அதே நேரம், உலகம் முழுவதும் ஒரே செடி என்றால் ஒரே நோய் எல்லாவற்றையும் தாக்கலாம் என்ற கவலையும் ஆய்வாளர்களுக்கு உண்டு.

பிச்சாட்டூரில் இந்த விஷயம் வெறும் பொது அறிவு அல்ல. ஊரின் அடையாளமே ஆரணியாற்றின் குறுக்கே உள்ள நீர்த்தேக்கம்தான். தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் அதைப் பிச்சாட்டூர் ஏரி என்றே எழுதும். கொள்ளளவு சுமார் 1.85 டி.எம்.சி. மழைக்காலத்தில் அது நிரம்பி உபரி நீர் திறக்கப்பட்டால் கீழே ஊத்துக்கோட்டைவரை எச்சரிக்கை போகும். மேட்டு நிலங்களிலும் வீட்டுத் தோட்டங்களிலும் கரையும் மேல்மண்ணுக்கு, இப்படிப்பட்ட ஏரியின் அடிவயிறுதான் கடைசி இடம். ஒரு கைப்பிடி மண் வாசலில் கரைவதும் ஏரியில் வண்டல் சேர்வதும் ஒரே நிகழ்ச்சியின் இரண்டு முனைகள். ஆக, இங்கே ஒரு வீட்டுத் தோட்டத்தில் வெட்டிவேர் நட விரும்புபவர் இரண்டு வரிசையாகச் சிந்திப்பது நல்லது: விட்டுவைக்க ஒரு வரிசை, வெட்ட ஒரு வரிசை.

முதலில் நாற்று. விதை என்று யாராவது விற்றால் வாங்க வேண்டாம். நன்கு விளைந்த தூரை மண்வெட்டியால் பிளந்து, இரண்டு மூன்று தண்டுகள் சேர்ந்த துண்டாகப் பிரிக்க வேண்டும். இலையை ஒரு சாண் உயரத்துக்கும், வேரை இரண்டு மூன்று விரற்கடை நீளத்துக்கும் நறுக்கிவிட வேண்டும். காய்ந்த சருகை உரித்துவிட்டு, நடும்வரை ஈரச் சாக்கில் சுற்றி வைக்கலாம். ஆடியில் நட்டால் ஐப்பசி அடைமழை வருவதற்குள் வேர் ஊன்றியிருக்கும். இந்தப் பகுதியின் மழைக் கணக்குக்கு அதுதான் பொருத்தம். பங்குனி, சித்திரையில் நட்டுவிட்டு வாளி வாளியாகத் தண்ணீர் சுமப்பதில் அர்த்தமில்லை.

இடம் தேர்வில் ஒரே நிபந்தனை வெயில். வறட்சி, உவர், வாரக்கணக்கில் தேங்கும் வெள்ளம் எல்லாவற்றையும் தாங்கும் இந்தப் புல்லுக்கு நிழல் மட்டும் ஆகாது. மாமரத்தடியில் நட்டு, வளரவில்லை என்று செடியைக் குறை சொல்வது நியாயமில்லை. முதல் ஒரு மாதம் மண் காயாமல் தண்ணீர் விட வேண்டும். முதல் சில மாதங்கள் களை எடுக்க வேண்டும். அதற்குப் பிறகு அது யாரையும் எதிர்பார்க்காது.

விட்டுவைக்கும் வரிசையை எங்கே நடுவது? மழைநீர் ஓடும் பாதைக்குக் குறுக்கே, வரப்பின் ஓரம், கிணற்று மேடு, சரிந்து போகும் வேலியோரம். துண்டுக்குத் துண்டு அரை அடிக்கு மேல் இடைவெளி கூடாது. ஒரே ஒரு துண்டு பட்டுப்போனாலும் அந்த இடைவெளியில் நீர் பாய்ந்து வாய்க்கால் வெட்டிவிடும் என்பதால் முதல் மழைக்குப் பிறகு போக்கிடம் பார்த்துப் போதாத இடங்களில் மறுநடவு அவசியம். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை முழங்கால் உயரத்துக்குக் கத்தரித்தால் தூர் அடர்த்தியாகும். கத்தரித்த இலையை மூடாக்காகப் போடலாம். இளம் இலையை மாடு தின்னும். இலை விளிம்பு கையைக் கிழிக்கும், கவனம். காய்ந்த சருகு அடியில் சேர்ந்தால் கரையான் வரும்; அவ்வப்போது அரித்து எடுத்துவிட வேண்டும். இந்த வரிசையை ஒருபோதும் தோண்டக் கூடாது. அதன் விளைச்சல் அங்கேயே தங்கும் மண்.

வெட்டும் வரிசைக்கு நிலமே வேண்டாம், சாக்கு போதும். மணல் இரண்டு பங்கு, தோட்ட மண் ஒரு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு. இந்தக் கலவையை இடுப்புயரச் சாக்கில் நிரப்பி, அடியிலும் பக்கத்திலும் துளையிட்டு, செங்கல் மேல் தூக்கி வைத்து, சாக்குக்கு மூன்று துண்டுகள் நட்டால் மொட்டை மாடியிலும் வளரும். செங்கல் வைப்பதற்குக் காரணம் உண்டு. சாக்கு தரையில் இருந்தால் வேர் அதைத் துளைத்துக் கீழே இறங்கிவிடும். பாதி மகசூல் நிலத்துக்குப் போகும். எருவைத் தாராளமாகப் போட்டுக்கொண்டே இருந்தால் இலை செழிக்கும், வேர் சோம்பும். சாக்கு சீக்கிரம் காய்வதால் கோடையில் மட்டும் தினமும் தண்ணீர் தேவை.

அவசரக்காரர்களுக்கு வெட்டிவேர் ஏற்றதல்ல. ஆறு மாதத்தில் பிடுங்கினால் வேர் வெளுப்பாக, மணம் பச்சையாக இருக்கும். ஓர் ஆண்டு தாண்டி, ஒன்றரை ஆண்டுக்குள் எடுப்பது சரியான பக்குவம். மண் லேசாகக் காய்ந்திருக்கும் ஒரு நாளில் சாக்கைக் கிழித்து, கட்டியாக இருக்கும் மண்ணைத் தட்டி உதிர்த்து, வேரை அறுத்து, ஓடும் தண்ணீரில் அலச வேண்டும். ஊறப்போடக் கூடாது. நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலில் போட்டால் ஓர் ஆண்டு காத்திருந்த மணத்தில் கணிசமான பங்கு காற்றோடு போய்விடும். காகிதத்தில் சுற்றி மூடி வைத்தால் பல கோடைகளுக்கு வரும். வேரை அறுத்த பிறகு மேலே மிஞ்சும் தூரைக் குப்பையில் போட வேண்டாம். அதுதான் அடுத்த ஆண்டின் நாற்று. ஒரு தூரிலிருந்து ஒரு டஜனுக்கும் மேற்பட்ட துண்டுகள் கிடைக்கும்.

கடையில் வாங்குபவர்களுக்கும் ஒரு குறிப்பு. நாட்டு மருந்துக் கடைகளில் 'விலாமிச்சு வேர்' என்று ஒன்று உண்டு. அதுவும் மணக்கும், ஆனால் அது புல் அல்ல, துளசியின் குடும்பத்தைச் சேர்ந்த வேறு செடி. நாற்றுக்காகத் தேடுபவர்கள் இலையைப் பார்த்தால் குழப்பம் வராது. பானையில் போடும் வேரை, எங்கே வாங்கியதாக இருந்தாலும், நன்றாகக் கழுவிய பிறகே போட வேண்டும்; இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை எடுத்து உலர்த்துவதும் நல்லது. சாக்கடை ஓரத்திலோ ஆலைக் கழிவு ஓடும் இடத்திலோ வளர்ந்த வேர் குடிநீர்ப் பானைக்கு உதவாது. கழிவிலுள்ள உலோகங்களை உறிஞ்சி வேரில் சேர்த்துக்கொள்வது இந்தப் புல்லின் இன்னொரு திறமை. கழிவுநீரைச் சுத்தம் செய்ய இதைப் பல நாடுகளில் பயன்படுத்துவதே அதனால்தான்.

பேரளவில் பார்த்தால் கேள்வி இன்னும் தீரவில்லை. நறுமணச் சந்தை தோண்டச் சொல்கிறது. நீர்ப்பிடிப்புப் பகுதி விடச் சொல்கிறது. இரண்டுக்கும் தனித்தனி இடம் ஒதுக்குவதே வழி. மணலிலும் சமநிலத்திலும் தோண்டலாம்; சரிவிலும் கரையிலும் கை வைக்கக் கூடாது. கடலூர் கடலோரம் சமதளமான மணலில் பயிரிட்டதால் ஹைட்டியின் மலைகளுக்கு நேர்ந்தது அங்கே நேரவில்லை. ஒரு வீட்டுத் தோட்டத்தில் இந்தப் பங்கீடு இன்னும் சுலபம்: வேலியோரம் ஒரு வரிசை, மாடியில் நான்கு சாக்கு. முன்னதில் ஐப்பசி மழையின்போது வரிசைக்கு மேல்புறம் படியும் மண்ணைப் பார்க்கலாம். பின்னதன் பலனைச் சித்திரையில் பானைத் தண்ணீர் சொல்லும்.